பெரியப்பா காருக்கு நாடி பார்த்தோம்!

பழைய கார் வைத்திருப்பவர்களைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கல்யாண மண்டபமோ, கோயில் வாசலோ... எங்கே போனாலும் வண்டியை நிறுத்த நிழல் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். சரிவு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். திரும்பக் கிளம்பும்போது செல்ஃப் எடுக்காவிட்டால் இரண்டாவது கியரில் போட்டு உருட்டிக் கிளப்பிவிடலாம் அல்லவா! சமதளத்தில் நிறுத்த நேர்ந்தால், பக்கத்து டீக்கடையில் திடகாத்திரமான இளைஞர்கள் நாலு பேர் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொள்வார்கள்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் காரணம், பானெட்டுக்குள்ளே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. பேட்டரி!

வகுப்பில் யார் விசிலடித்தாலும் கடைசி பெஞ்ச்சுக்காரனை எழுந்து நிற்கச் சொல்வதுபோல, பழைய காரில் எது கெட்டாலும் பழி பேட்டரி மேல்தான். ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரி போச்சு. ஹார்ன் கம்முகிறதா? பேட்டரி போச்சு. விளக்கு அகல்விளக்கு மாதிரி எரிகிறதா? சந்தேகமே இல்லை, பேட்டரி போச்சு! உடனே நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதுசு வாங்கிப் போடுகிறோம். ஒரு வருஷம் கழித்து மறுபடி அதே பல்லவி.

உண்மையில் பேட்டரி நல்லவர். சரித்திரப் புகழ் பெற்றவரும்கூட. ஈயத் தகடும் அமிலமும் கொண்ட இந்தச் சமாச்சாரத்தை 1859-ல் செய்து காட்டியவர் பிரெஞ்சுக்காரரான காஸ்டன் பிளாந்தே. காருக்குள் அதற்கு நிரந்தர வேலை கிடைத்தது 1912-ல். அந்த வருஷத்து காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்கு முன்னால், முன்பக்கம் ஹாண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு பணால்! ஆக, நம் முன்னோர்களின் கை எலும்புகளைக் காப்பாற்றிய பெருமை பேட்டரிக்கு உண்டு.

இப்போது பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

திருச்சி தில்லை நகரில் இருக்கிறார். தபால் இலாகாவில் ரிடையர் ஆகி இருபது வருஷம் ஓடிவிட்டது. அவரிடம் இருப்பது, எங்கள் தாத்தா வாங்கிய 1955-ம் வருடத்து மோரிஸ் மைனர். அலெக் இஸிகோனிஸ் என்ற மேதை வடிவமைத்து 1948-ல் இங்கிலாந்தில் அறிமுகமான கார். இதில் 803 சி.சி. இன்ஜின், 30 குதிரை சக்தி. இன்றைய மோட்டார் சைக்கிள் சிலவற்றிலேயே இதைவிட அதிகக் குதிரைகள் இருக்கின்றன. ஆனால், அவற்றின் பின்சீட்டில் பெரியம்மா உட்கார மாட்டார்.

மனிதர்கள் 60 வயதில் சீனியர் சிட்டிசன் என்றால், கார்களுக்கு 50-லேயே அந்த அந்தஸ்து. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் இருக்கும் சொந்த வண்டியை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

அந்தஸ்து இருந்து என்ன பிரயோஜனம்? பெரியப்பா வண்டி நாலு வருஷத்தில் மூன்று பேட்டரியைச் சாப்பிட்டுவிட்டது. துபாயில் இருக்கும் மகன் போனில் கத்தினான்: "உங்க பென்ஷனை அந்த டப்பா கார் தின்னுடும்ப்பா. வித்துத் தொலைங்க!"

ஒரு புரோக்கர் வந்தார். டயரை எட்டி உதைத்தார். 'ஸ்டார்ட்டே ஆகாத வண்டி, சார். காயலான் கடை ரேட்தான் கட்டும்' என்று ஒரு தொகை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா மூன்று நாள் யாரோடும் பேசவில்லையாம். தினமும் காலையில் வண்டியைத் துடைப்பது மட்டும் நிற்கவில்லை.

வியாழக்கிழமை நான் ஊருக்குப் போனபோது இதுதான் நிலவரம்.

விற்பது தப்பில்லை. ஆனால், நான் படித்தது பி.காம். கணக்கைத் தணிக்கை செய்யாமல் கம்பெனியை இழுத்து மூடக் கூடாது என்பது எங்கள் பாடம். "பெரியப்பா, விக்கறதுக்கு முன்னாடி வியாதி என்னன்னு தெரிஞ்சுக்குவோமே" என்றேன். பாலக்கரையில் பழைய வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஊரே 'பாய்' என்று அழைக்கும் அவரை மறுநாள் காலை கூட்டி வந்தேன்.

பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என் முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்கணும்னு மூணு மாசமா சொல்றேன். காருக்கு மட்டும் டாக்டர் வீட்டுக்கே வர்றார்!" என்றார். பாய் சிரித்துக்கொண்டே பையைத் திறந்தார். உள்ளே ஒரு மல்டிமீட்டர், ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு பழைய டூத் பிரஷ், ஒரு டப்பாவில் ஆப்ப சோடா. அவ்வளவுதான்.

முதலில் கண்ணால் பரிசோதனை. பெட்டி வீங்கியிருக்கிறதா? விரிசல் உண்டா? மூடியைத் திறந்தால் தகடுகள் தண்ணீருக்குள் முங்கியிருக்கின்றனவா? டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா? பூத்திருந்தது. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து, மூடிகளை இறுக்கிய பிறகு, பிரஷ்ஷால் தேய்த்தார். நுரைத்துக்கொண்டு போனது. சோடா ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. போனால் அமிலத்தின் வீரியம் காலி. இந்தப் பூ பூத்தால் மின்சாரம் வெளியே வரத் தடுமாறும். பேட்டரி போச்சு என்று தூக்கிப் போடப்படுவதில் சில, வெறும் டெர்மினல் அழுக்கு கேஸ்தான்.

கேபிளைக் கழற்றுவதற்கு முன் பாய் ஒன்றைக் காட்டினார். இப்போதைய கார்களில் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். மோரிஸ் மைனர் போன்ற அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் தலைகீழ்: பாசிட்டிவ் எர்த்! தெரியாத ஆள் கை வைத்து மாற்றி மாட்டினால் விபரீதம். "எந்த முனை பாடியோட சேர்ந்திருக்கோ அதை முதல்ல கழட்டணும் தம்பி. மாட்டும்போது அதைக் கடைசியா மாட்டணும்" என்றார் பாய். ஸ்பானர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயுவுக்குப் பொறி ஆகவே ஆகாது. பீடி, சிகரெட், தீக்குச்சி எல்லாம் பத்தடி தள்ளி. கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

இரண்டாவது, வோல்ட் பார்ப்பது. முதல் நாள் சாயங்காலத்திலிருந்து வண்டியைத் தொடவில்லை. அதனால் அளவு சரியாக இருக்கும். ஓட்டி நிறுத்தின சூட்டோடு பார்த்தால் பேட்டரி பொய்க் கணக்கு காட்டும். சம்பளத் தேதியன்று பாஸ்புக் பார்ப்பது மாதிரி! அப்படி அவசரமாகப் பார்க்க வேண்டுமானால் ஹெட்லைட்டை இரண்டு நிமிஷம் எரிய விட்டு, அணைத்து, சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசி. பெரியப்பா பேட்டரி காட்டியது 12.1.

"பன்னண்டு வோல்ட் பேட்டரி, பன்னண்டு காட்டுதே... அப்புறம் என்ன?" என்றார் பெரியப்பா.

அங்கேதான் ஏமாறுகிறோம். பன்னிரண்டு என்பது நிறைந்த பானை இல்லை. அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே.

மூன்றாவது பரிசோதனைதான் எனக்குப் பிடித்தது. பேட்டரி என்பது ஒரு ஆள் இல்லை. ஆளுக்கு சுமார் இரண்டு வோல்ட் சம்பாதிக்கிற ஆறு பேர் கொண்ட கூட்டுக் குடும்பம். வோல்ட் மீட்டர் குடும்பத்தின் மொத்த வருமானத்தைத்தான் சொல்லும். யார் உழைக்கிறார், யார் சும்மா சாப்பிடுகிறார் என்று சொல்லாது. அதைச் சொல்வது ஹைட்ரோமீட்டர். கண்ணாடிக் குழாய், ஒரு முனையில் ரப்பர் பந்து, உள்ளே ஒரு மிதவை. ஒவ்வொரு செல்லிலிருந்தும் கொஞ்சம் அமிலத்தை உறிஞ்சி, மிதவை எவ்வளவு மிதக்கிறது என்று பார்த்துவிட்டு, அதே செல்லில் திருப்பி விட வேண்டும். சார்ஜ் இருந்தால் அமிலம் கனமாக இருக்கும், மிதவை எழும்பும். சார்ஜ் இறங்கினால் அமிலத்தின் சத்து தகடுகளுக்குள் போய்விடும், மிதவை முங்கும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் 1.240-லிருந்து 1.260 வரை இருந்தால் முழு சார்ஜ் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றின உடனே மட்டும் பார்க்காதீர்கள். அது கலக்க நேரம் வேண்டும்.

பாய் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் பேப்பரில் எழுதினேன். 1.180, 1.175, 1.180, 1.180, 1.175, 1.180.

ஒரு சின்னக் கணக்கு. இந்த எண்ணோடு 0.84 கூட்டி, ஆறால் பெருக்கினால் ஏறக்குறைய பேட்டரியின் வோல்ட் வரும். 1.18 கூட்டல் 0.84, ஆக 2.02. ஆறு மடங்கு 12.12. மீட்டரும் அதைத்தான் சொன்னது! பாஸ்புக்கும் கேஷ்புக்கும் டாலி ஆகும்போது ஒரு பி.காம்.காரனுக்கு வரும் ஆனந்தம் இருக்கிறதே... அதை விடுங்கள்.

பாய் முகத்தில் ஒரு தெளிவு. "ஐயா, இது வியாதி இல்லீங்க. பட்டினி!"

எப்படி? ஆறு பேரில் ஒருவர் மட்டும் இளைத்து, மற்ற ஐந்து பேர் தெம்பாக இருந்தால் அது வியாதி. அந்த செல் போய்விட்டது. முழுக்க சார்ஜ் செய்த பிறகும் 0.050 வித்தியாசம் நின்றால் பேட்டரிக்கு விடை கொடுக்க வேண்டியதுதான். ஆனால், ஆறு பேரும் ஒரே மாதிரி இளைத்திருந்தால்? வீட்டுக்கு அரிசி வரவில்லை என்று அர்த்தம்!

நான்காவது பரிசோதனை, பாரம் தூக்கச் சொல்வது. பாஸ்புக்கில் இருப்பு காட்டினால் போதாது, செக் போட்டால் பாஸாக வேண்டும். இன்ஜினைச் சுற்றும்போது பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்பதே நிஜமான ஆரோக்கியம். இன்ஜின் சுற்றும் பத்துப் பதினைந்து விநாடிகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. மோரிஸ் மைனரில் இதற்கு ஒரு சௌகரியம். ஸ்டார்ட்டருக்குத் தனியாக இழுக்கும் குமிழ். சாவியைப் போடாமலே இழுத்தால் இன்ஜின் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. நிம்மதியாக மீட்டரைப் பார்க்கலாம். இழுத்தோம். 8.9.

"பார்த்தியா, போச்சு" என்றார் பெரியப்பா, சோர்ந்துபோய்.

"இருங்கய்யா. பட்டினி கிடக்கிறவன் முதுகில மூட்டையை ஏத்திட்டு, இவன் லாயக்கில்லைன்னு சொல்லலாமா? சோறு போட்டுட்டு அப்புறம் தூக்கச் சொல்லுவோம்."

இது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்! பெரியப்பா அதுவரை போன கடையில், சார்ஜ் இறங்கின பேட்டரியிலேயே டெஸ்டரை வைத்து அழுத்திவிட்டு, 'மாத்திடுங்க சார்' என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்கு முன் போன இரண்டு பேட்டரிகளில் ஒன்றாவது நிரபராதியாக இருந்திருக்கலாம். இனி விசாரிக்க வழியில்லை.

பேட்டரியைப் பாலக்கரைக்குக் கொண்டுபோனோம். 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்றரை ஆம்பியரில், ராத்திரி முழுக்க நிதானமாக சார்ஜ். அவசரமாக ஏற்றினால் தகடு சூடாகிக் கெட்டுவிடும். கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்துச் சனிக்கிழமை பார்த்தால் ஆறு செல்லும் 1.240-ஐ ஒட்டி வந்து நின்றன. வோல்ட் 12.5. வண்டியில் மாட்டி இழுத்தபோது 10.2-க்குக் கீழே இறங்கவில்லை. ஆள் பிழைத்துவிட்டார்!

ஆனால், அரிசி ஏன் வரவில்லை?

ஐந்தாவது பரிசோதனை, வரவைப் பார்ப்பது. அந்தக் காலத்து வண்டிகளில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோ. நல்ல நாளிலேயே அது தருவது சுமார் 20 ஆம்பியர்தான். அதுவும் இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஒன்றும் தராது. அதனால்தான் அப்போது டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அணையும். பெரியப்பா வண்டியில் அந்த விளக்கு எரியவே இல்லை. "எரியலைன்னா நல்லதுதானே, சிகப்பு விளக்காச்சே!" என்றார். பாய் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தார். அப்போதும் எரியவில்லை. பல்பே ஃப்யூஸ்! எச்சரிக்கை கொடுக்க வேண்டிய கூர்க்கா எத்தனை வருஷமாகத் தூங்கினாரோ!

இன்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்து, பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தோம். 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். 12.3-ஐ விட்டு நகரவில்லை. டைனமோவைக் கழற்றினால் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து, கம்யூட்டேட்டரில் கரி அப்பியிருந்தது. சுத்தம் செய்து, புது பிரஷ் போட்டு, ஒரு புது பல்பையும் மாட்டினார் பாய். கூலியையும் சேர்த்து, புது பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மறுபடி ஓடவிட்டோம். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் அணைந்தது. மீட்டர் 13.9 காட்டியது.

பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. மிதித்தார், விட்டார். மிதித்தார், விட்டார். அந்தச் சிவப்பு விளக்கை ஒரு பத்துத் தடவை அணைத்துப் பார்த்திருப்பார்.

பாய் போகும்போது மருந்துச் சீட்டு மாதிரி சில விஷயங்கள் சொன்னார். பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படும்.

தினமும் ஷெட்டிலேயே ஐந்து நிமிஷம் ஓடவிட்டால் பேட்டரி சார்ஜ் ஆகும் என்பது பழைய வண்டியைப் பொறுத்தவரை பிரமை. ஸ்டார்ட் செய்யப் பெரிய செலவு. மெதுவாக ஓடும் டைனமோவிடமிருந்து வரவோ பூஜ்யம். அதற்குப் பதில் வாரம் ஒரு முறை அரை மணி, முக்கால் மணி நேரம் பகலில் நல்ல வேகத்தில் ஓட்டுங்கள். நிறைய நாள் நிறுத்திப் போடுவதானால் எர்த் கேபிளைக் கழற்றி வையுங்கள். பட்டினியாகவே விட்டால், வெந்நீர் அண்டாவில் உப்பு படிவதுபோல, தகடுகளில் லெட் சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் எவ்வளவு சோறு போட்டாலும் உடம்பில் ஒட்டாது.

ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. குழாய்த் தண்ணீர் கூடாது, கூடுதல் ஆசிட்டும் கூடாது. வெயில் இன்னொரு எமன். பத்து டிகிரி வெப்பம் கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் துறையில் சொல்லும் பொதுக் கணக்கு. ஆகவே, வண்டிக்குச் சரிவோடு கொஞ்சம் நிழலும் பாருங்கள்.

நிஜமாகவே ஆயுள் முடிந்த பேட்டரியும் உண்டு. முழு சார்ஜுக்குப் பிறகும் ஒரு செல் மட்டும் எழவில்லை, பெட்டி வீங்கிவிட்டது, சார்ஜ் ஏற்றும்போது ஒரே ஒரு செல் மட்டும் கொதிக்கிறது, வயிறு நிறைந்தும் மூட்டை தூக்க முடியவில்லை... இதெல்லாம் இருந்தால் மரியாதையாக வழியனுப்புங்கள். பழைய இரும்பு என்று பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள். உள்ளே இருப்பது ஈயம், விஷம். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு என்று 2022-ம் வருடத்து விதிகளே சொல்கின்றன. விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி புரோக்கர் வந்தார். பெரியப்பா சாவியைப் போட்டு, குமிழை இழுத்தார். ஒரே இழுப்பில் மோரிஸ் மைனர் கனைத்துக்கொண்டு கிளம்பியது. புரோக்கர் பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"பேட்டரி புதுசா சார்?"

"பழசுதான். என்னை மாதிரி."

புரோக்கர் தன் விலையை அங்கேயே இரண்டு மடங்காக்கினார். பெரியப்பா, "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அந்த யோசனை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. விற்பாரோ, மாட்டாரோ, அது அவர் இஷ்டம். விற்றாலும், இனி ஓடுகிற வண்டியாகத்தான் விற்பார்.

திங்கட்கிழமை நான் ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் வாசலில் ஹார்ன் சத்தம். முன் சீட்டில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பெரியம்மா. எங்கே என்று கேட்டேன்.

"முட்டி டாக்டர்கிட்ட. பேட்டரிக்கு அரை மணி நேரம் ஓட்டணுமாமே... அதான் கூட்டிட்டுப் போறார்!"